அள்ளுவதா, கேட்பதா?

சமூக ஊடகத்தில் கிடப்பதை எடுத்துப் போடுவதற்கு ஒரு நிருபர் தேவையில்லை. அங்கே போய்ச் சரியான கேள்வியைக் கேட்பதற்குத்தான் அவர் வேண்டும்.

2023-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் திருப்பூரின் பெயர் இரண்டு முறை அடிபட்டது. ஜனவரியில், வட மாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாகத் திரண்டு உள்ளூர்க்காரர்களைத் துரத்தும் ஒரு வீடியோ வந்தது. சொந்த மண்ணிலேயே தமிழனை விரட்டுகிறார்கள் என்ற ஆவேசத்தோடு அது தமிழ் வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றியது. போலீஸ் விசாரித்தபோது, தனிப்பட்ட ஒரு தகராறு முற்றியதுதான் அந்தக் காட்சி என்று தெரிந்தது. மார்ச் முதல் வாரத்தில் அதே கதை தலைகீழாகி இந்தியில் வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடிப் பிடித்து வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. இந்தி நாளிதழ்களிலும் அது செய்தியானது. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அங்கிருந்து நான்கு பேர் கொண்ட அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்குக் கிளம்பி வந்தது. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் போகக் காத்திருந்தவர்களால் நிரம்பிய ரயில் நிலையங்கள், உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்களின் கூட்டமாகக் காட்டப்பட்டன. உண்மையிலேயே பயந்து கிளம்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களை அப்படிப் பயமுறுத்தியது அந்த வீடியோக்கள்தான்.

அப்போதைய தமிழ்நாடு டிஜிபி சைலேந்திர பாபு கொடுத்த விளக்கத்தை இப்போது திரும்பப் படித்தாலும் மனம் கனக்கிறது. அதிகம் பரவிய இரண்டு வீடியோக்களில் ஒன்றில், திருப்பூரில் மோதிக்கொண்டவர்கள் பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களே. மற்றொன்றில் சண்டையிட்டவர்கள் கோவையைச் சேர்ந்த உள்ளூர்க்காரர்கள். இரண்டும் முன்பே நடந்து முடிந்த சம்பவங்கள். இந்த விவகாரத்தில் நடித்து எடுத்த வீடியோவும் இருந்ததாகப் பீகார் போலீஸ் பிறகு சொன்னது. ஆனால் தொடக்கத்தில் பற்றவைத்தவை போலிப் படங்கள் அல்ல. உண்மையாக நடந்த சண்டைகளின் உண்மையான படங்கள் அவை. பொய் இருந்தது படத்தில் அல்ல, அதன் தலையில் ஒட்டப்பட்ட இரண்டு வரியில். இது எங்கே நடந்தது, எப்போது நடந்தது, அடிப்பவர் யார், அடிபடுபவர் யார், இதை எடுத்தவர் யார் என்ற ஐந்து கேள்விகளை யாராவது ஒருவர் அச்சுக்குப் போகும் முன் கேட்டிருந்தால் அந்த இரண்டு வரி உதிர்ந்திருக்கும்.

சமூக ஊடகத்தைப் பத்திரிகையாளர் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வருகின்றன. அது பொய்க் கிடங்கு, கிட்டப் போகாதே என்பது ஒன்று. செய்தி இப்போது அங்கேதான் பிறக்கிறது, ஓடிப் போய் முதலில் எடு என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: சமூக ஊடகம் என்பது சரக்கு கிடக்கும் இடம், அள்ளலாம், அல்லது அள்ளாமல் விடலாம். இந்த எண்ணமே பிழை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். சமூக ஊடகத்தின் துணையோடு இதுவரை வெளிவந்த மிகச் சிறந்த புலனாய்வுகள் எவையும் அங்கே கிடந்ததை அள்ளியதால் வரவில்லை. அங்கே போய் ஒரு கேள்வியை வைத்ததால் வந்தன. மிக மோசமான தவறுகளோ, கேள்வி கேட்காமல் அள்ளியதால் நேர்ந்தன.

முந்திக்கொள்ளும் சாட்சிகள்

2005 ஜூலை 7 அன்று லண்டனில் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்தன. முதல் ஆறு மணி நேரத்துக்குள் பிபிசிக்குப் பொதுமக்களிடமிருந்து 1,000-க்கும் மேற்பட்ட புகைப்படங்களும், 20 வீடியோக்களும், 4,000 குறுஞ்செய்திகளும், 20,000 மின்னஞ்சல்களும் வந்து சேர்ந்தன. சுரங்கத்துக்குள் என்ன நடந்தது என்பதை உலகம் முதலில் பார்த்தது பயணிகளின் செல்போன் வழியாகத்தான். சம்பவ இடத்துக்கு முதலில் போய்ச் சேர்கிறவர் நிருபர் என்ற நிலை அன்றோடு முடிந்தது என்று சொல்லலாம். இன்று தீ விபத்தோ, ஆற்று வெள்ளமோ, போலீஸ் தடியடியோ, நிருபரின் வண்டி கிளம்புவதற்குள் பத்து பேர் படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். இதை நினைத்து வருந்த வேண்டியதில்லை. சாட்சிகள் பெருகியது நல்லதே. ஆனால் சாட்சி சொல்வதும் தீர்ப்பு சொல்வதும் ஒன்றல்ல. நீதிமன்றத்தில் சாட்சி கூண்டில் ஏறியவுடன் வழக்கு முடிவதில்லை. அங்குதான் குறுக்கு விசாரணை தொடங்குகிறது. அந்தக் குறுக்கு விசாரணைதான் இப்போது நிருபருக்கு மிஞ்சியிருக்கும் வேலை. மிஞ்சியது என்றாலும் குறைந்ததல்ல; தொழிலின் உயிர் எப்போதும் அங்கேதான் இருந்தது.

அந்த வேலையைச் சமூக ஊடகத்திலேயே செய்ய முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர் கார்டியன் நாளிதழின் பால் லூயிஸ். 2010 அக்டோபர் 12 அன்று, பிரிட்டனிலிருந்து நாடு கடத்தப்படவிருந்த ஜிம்மி முபெங்கா என்ற அங்கோலா நாட்டவர், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் புறப்படவிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 77-ஆம் எண் விமானத்துக்குள் தனியார் காவலர்களின் பிடியில் இறந்துபோனார். அவர் உடல்நலக் குறைவால் பாதிக்கப்பட்டார் என்றுதான் முதலில் அதிகாரத் தரப்பு சொன்னது. என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் விமானத்தில் இருந்த பயணிகள். அவர்களோ உலகின் பல மூலைகளுக்குச் சிதறிவிட்டார்கள். பயணிகள் பட்டியலை விமான நிறுவனம் தரப் போவதில்லை. இந்த நிலையில் லூயிஸ் ட்விட்டரில் ஒரு வேண்டுகோள் வைத்தார்: அந்த விமானத்தில் இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்கோலாவில் எண்ணெய்த் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பயணி அதைப் பார்த்துத் தொடர்பு கொண்டார். மூச்சு விட முடியவில்லை என்று முபெங்கா கதறியதை அவர் சொன்னார். பிறகு வேறு பயணிகளும் பேசினார்கள். உடல்நலக் குறைவு என்ற விளக்கம் நிற்கவில்லை. 2013-இல் மரண விசாரணை நடத்திய நடுவர் குழு, இது சட்டவிரோதக் கொலை என்று முடிவு செய்தது. அடுத்த ஆண்டு நடந்த குற்றவியல் வழக்கில் காவலர்கள் விடுவிக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த விமானத்தில் நடந்தது என்ன என்பது பொதுவெளிக்கு வந்தது. அது ட்விட்டரில் ஏற்கெனவே கிடந்த செய்தி அல்ல. ஒருவர் கேட்டதால், சொல்லத் தெரிந்தவர் வாய் திறந்தார்.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டியவர்

கேட்பது என்றால் சாட்சியைத் தேடுவது மட்டுமல்ல. தன் தேடலையே ஊர் அறியத் திறந்து வைப்பதும்தான். 2016-இல் வாஷிங்டன் போஸ்ட்டின் டேவிட் ஃபாரன்டோல்ட் இதைச் செய்தார். அதிபர் வேட்பாளராக இருந்த டொனால்ட் டிரம்ப், தர்ம காரியங்களுக்குத் தன் சொந்தப் பணத்தைக் கோடிக்கணக்கில் அள்ளிக் கொடுத்ததாகச் சொல்லிவந்தார். அது உண்மையா என்று பார்க்க ஃபாரன்டோல்ட் தொண்டு நிறுவனங்களை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்தார். யாரை அழைத்தார், என்ன பதில் வந்தது என்பதைக் கையால் எழுதிய நோட்டுப் பக்கங்களாகப் படமெடுத்து ட்விட்டரில் போட்டுக்கொண்டே வந்தார். நான் இன்னும் யாரிடம் கேட்க வேண்டும் என்று வாசகர்களிடம் கேட்டார். 400-க்கும் மேற்பட்ட நிறுவனங்களைத் தொட்ட அந்தத் தேடலில், 2008-க்குப் பிந்தைய ஆண்டுகளில் டிரம்ப் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்ததாகத் தெரிந்தது 10,000 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு நன்கொடை.

அதே தேடலின் நடுவே இன்னொரு கேள்வி வந்தது. டிரம்பின் அறக்கட்டளை 10,000 டாலர் கொடுத்து வாங்கிய அவருடைய உருவப்படம் ஒன்று இப்போது எங்கே தொங்குகிறது? தர்மப் பணத்தில் வாங்கிய பொருள் தனியார் வணிகத்துக்குப் பயன்படக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். இந்தக் கேள்வியையும் அவர் ட்விட்டரில் வைத்தார். வாசகர் ஒருவர் பயண விமர்சனத் தளத்தில் கிடந்த சுற்றுலாப் படங்களைத் துழாவி, ஃபுளோரிடாவில் டிரம்புக்குச் சொந்தமான டோரல் விடுதியின் சுவரில் அது இருப்பதைக் கண்டுபிடித்தார். யூனிவிஷன் தொலைக்காட்சியைச் சேர்ந்த என்ரிக் அசெவெடோ அதே விடுதியில் அறை எடுத்துப் போய், படம் இன்னும் அங்கேயே தொங்குவதை நேரில் பார்த்து உறுதி செய்தார். இந்த வரிசை முக்கியமானது. நிருபரிடம் கேள்வி இருந்தது. வாசகரிடம் துப்பு இருந்தது. கடைசியில் ஒருவர் கால் வைத்துப் போய்க் கண்ணால் பார்த்தார். 2017-இல் ஃபாரன்டோல்டுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2018 டிசம்பரில் அந்த அறக்கட்டளையைக் கலைக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. மறு ஆண்டு 20 லட்சம் டாலர் கட்டுமாறு நீதிமன்றம் டிரம்புக்கு உத்தரவிட்டது.

கூட்டத்திடம் கேட்கும் பழக்கம் பொய்யைத் தடுக்கவும் உதவும். 2011-இல் லிபியக் கிளர்ச்சியின்போது, கடாஃபியின் படைக்கு இஸ்ரேல் ஆயுதம் கொடுக்கிறது என்று ஒரு குண்டின் படம் பரவியது. அதில் ஒரு நட்சத்திரமும் பிறை போன்ற குறியும் இருந்தன. அமெரிக்க வானொலி நிறுவனமான என்பிஆரின் ஆண்டி கார்வின் அதைச் செய்தியாக்காமல், இது என்ன என்று தன்னைப் பின்தொடர்பவர்களிடம் கேட்டார். படைத்துறை அனுபவம் உள்ளவர்கள் உட்படப் பலர் தேடிக் கொண்டுவந்த விடை எளிமையானது. அது இரவில் வெளிச்சம் காட்ட வானத்தில் ஏவும் ஒளிக்குண்டு. நட்சத்திரம் வெளிச்சத்தைக் குறிக்கிறது, பிறை பாராசூட்டைக் குறிக்கிறது. அதே ஆண்டு ஜூனில், டமாஸ்கஸில் வாழும் ஒரு இளம்பெண்ணாகத் தன்னைக் காட்டிக்கொண்டு இணையத்தில் எழுதிவந்த ‘அமினா’ கடத்தப்பட்டதாகச் செய்தி வந்து உலகமே பதறியது. பெரிய பத்திரிகைகளும் அவரைப் பற்றி எழுதியிருந்தன. கார்வின் கேட்டது ஒரு சாதாரணக் கேள்வி: இவரை நேரில் பார்த்தவர் யாராவது உண்டா? ஒருவரும் இல்லை. சில நாட்களில் உண்மை வெளியானது. எழுதியவர் எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த 40 வயது அமெரிக்க ஆண், டாம் மெக்மாஸ்டர். அமினாவின் படமாக உலவியது லண்டனில் வாழும், இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பெண்ணின் படம்.

படத்தையே விசாரிப்பது

பதில் சொல்ல மனிதர்கள் யாரும் கிடைக்காத நேரத்தில் படத்தையே கேட்கலாம். 2018 ஜூலையில் பரவிய ஒரு வீடியோவில், இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் படைவீரர்களால் ஒரு மண்பாதையில் நடத்திச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். இது கேமரூன் ராணுவம் செய்தது என்றார்கள். பொய்ச் செய்தி என்று கேமரூன் அரசு மறுத்தது. பிபிசியின் ஆப்பிரிக்கா ஐ குழு, இணையத்தில் இயங்கும் ஆய்வாளர்களின் துணையோடு அந்த வீடியோவை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்டது: எங்கே, எப்போது, யார்? வீடியோவின் தொடக்கத்தில் சில நொடிகள் தெரியும் மலைமுகட்டின் வடிவத்தைச் செயற்கைக்கோள் படங்களோடு பொருத்தி, நைஜீரிய எல்லையை ஒட்டிய கேமரூனின் வடகோடியில் உள்ள இடத்தைக் கண்டுபிடித்தார்கள். எந்தக் கட்டடம் எந்த ஆண்டுப் படத்தில் இருக்கிறது, எந்த ஆண்டுப் படத்தில் இல்லை என்று பார்த்தும், வறண்ட மாதங்களில் மட்டும் தெரியும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்தும் காலத்தைக் குறுக்கினார்கள். கடைசியில் வீரர்களின் நிழல் எந்தக் கோணத்தில், எவ்வளவு நீளத்தில் விழுகிறது என்று கணக்கிட்டு, 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடைப்பட்ட நாட்கள் என்று சொன்னார்கள். துப்பாக்கியின் ரகமும், சீருடையும், பேச்சில் விழுந்த பெயர்களும், ஃபேஸ்புக் பக்கங்களும் சேர்ந்து ஆட்களைக் காட்டின. 2020-இல் கேமரூன் ராணுவ நீதிமன்றம் நான்கு வீரர்களுக்குத் தலா 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

முபெங்கா வழக்கிலும் கேமரூன் விவகாரத்திலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இரண்டிலும் அதிகாரத் தரப்பு முதலில் சொன்னது தவறு. திருப்பூர் விவகாரத்திலோ போலீஸ் சொன்னது சரி. ஆகவே பரவியதை நம்பாதே, அதிகாரி சொன்னதை எழுது என்று முடித்துக்கொள்ள முடியாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தியை மக்கள் பரப்பினார்கள். அதே வாரத்தில், பிரதமர் விமான ஜன்னல் வழியாக வெள்ளத்தைப் பார்வையிடும் படத்தை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே திருத்தி வெளியிட்டு, கேலிக்கு ஆளான பிறகு நீக்கியது. வாட்ஸ்அப் ஃபார்வர்டும் அரசு அறிக்கையும் பத்திரிகையாளருக்கு ஒரே வகையானவைதான். இரண்டும் யாரோ ஒருவரின் கூற்று. இரண்டையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

நேரமும் ஆளும் எங்கே?

இங்கேதான் செய்தி அறையிலிருந்து முதல் எதிர்ப்பு வரும். இவ்வளவு விசாரித்துக்கொண்டிருந்தால் எதிர்ச் சேனல் பிரேக்கிங் போட்டுவிடுமே, நாம் பின்தங்க மாட்டோமா? நேர்மையான கேள்வி இது. அந்த நெருக்கடி உண்மை. ஆனால் வேகப் பந்தயத்தில் பொய்யோடு ஓடி ஜெயித்தவர் யாருமில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் சயன்ஸ் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரை எட்டுவதற்கு உண்மைக்குப் பொய்யைப்போல் ஆறு மடங்கு நேரம் பிடித்தது. பொய்க்குச் சரிபார்க்கும் சுமை இல்லை. அது எப்போதும் முன்னால்தான் ஓடும். செய்தி நிறுவனம் விற்கக்கூடிய ஒரே சரக்கு, எல்லோரும் பார்த்துவிட்ட வீடியோ அல்ல. அது என்ன என்று தெரிந்த பதில். அந்தப் பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. இப்படி ஒரு வீடியோ பரவுகிறது, இடமும் நாளும் இன்னும் உறுதியாகவில்லை, விசாரிக்கிறோம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று நிகழ்காலத்திலேயே சொல்லலாம். அதுவும் பிரேக்கிங்தான், பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவை இல்லாத பிரேக்கிங்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலுவானது. பிபிசிக்கும் வாஷிங்டன் போஸ்ட்டுக்கும் ஆளும் பணமும் இருக்கின்றன. ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தாலுகா நிருபர் மலைமுகட்டை எப்படி அளப்பார்? அவருக்கு நியாயமான ஊதியமும் பயிற்சியும் தராமல் சரிபார்ப்பைப் பற்றிப் பேசுவது பாதி நேர்மைதான் என்பதை நிர்வாகங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கருவிகளில் பெரும்பாலானவை இலவசம். ஒரு படம் இதற்கு முன் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும் கூகுள் லென்ஸும் யான்டெக்ஸ் படத் தேடலும், பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் புரட்டித் தரும் கூகுள் எர்த்தும் சாதாரணக் கணினியிலேயே இயங்கும். அதைவிட முக்கியம், தாலுகா நிருபரிடம் லண்டனில் இல்லாத ஒரு கருவி இருக்கிறது: ஊரறிவு. வண்டி எண்ணில் டிஎன் 39 அல்லது 42 என்று தொடங்கினால் திருப்பூர், 37 என்றால் கோவை, 72 என்றால் திருநெல்வேலி என்று அவருக்குத் தெரியும். பேருந்தின் ஊர்ப் பலகை, கடைப் பெயர்ப் பலகையில் உள்ள தொலைபேசிக் குறியீடு, வீட்டுக் கூரையின் அமைப்பு, சுவரில் பாதி கிழிந்த காதணி விழா போஸ்டர் எல்லாம் அவருக்குப் பேசும். கத்துகிறவரின் பேச்சு கொங்கு வட்டாரத்ததா, நெல்லையா, வட ஆற்காடா என்று காதால் பிரித்துச் சொல்வார். அந்த ஊர் தேநீர்க் கடைக்கு ஒரு போன் போட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வாங்குவார். மார்ச் 2023-இல் வடக்கே இருந்த செய்தி அறைகளுக்கு இல்லாமல் போனது தொழில்நுட்பம் அல்ல, திருப்பூருக்குப் போட வேண்டிய அந்த ஒரு போன்.

கூட்டத்திடம் எதைக் கேட்கக் கூடாது

மூன்றாவது எதிர்ப்பு என் வாதத்தின் அடிமடியிலேயே கை வைக்கிறது. கூட்டத்திடம் கேட்டால் கூட்டம் வேட்டைக்குக் கிளம்பிவிடாதா? கிளம்பியிருக்கிறது. 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு, ரெடிட் தளத்தில் கூடியவர்கள் படங்களை ஒப்பிட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார்கள். சில வாரங்களாகக் காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவரின் பெயரைச் சொன்னார்கள். பத்திரிகையாளர்கள் சிலரும் அதைப் பகிர்ந்தார்கள். அந்த மாணவருக்கும் குண்டுவெடிப்புக்கும் தொடர்பே இல்லை. பிள்ளையைத் தேடித் தவித்த குடும்பத்தின் மீது வசை கொட்டியது. சில நாட்களில் அவர் உடல் ஆற்றில் கிடைத்தது. இதிலிருந்து, கூட்டத்திடம் எதையுமே கேட்கக் கூடாது என்ற பாடம் வரவில்லை. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்ற பாடம் வருகிறது. இந்த விமானத்தில் இருந்தீர்களா, இந்தச் சுவரை எங்காவது பார்த்தீர்களா, இந்தக் குறிக்கு என்ன பொருள் என்பவை பொருளையும் இடத்தையும் பற்றிய கேள்விகள். வரும் பதிலைச் சோதிக்க முடியும். இவர்தான் குற்றவாளியா என்பது மனிதரைப் பற்றிய கேள்வி. சோதித்து முடிப்பதற்குள் ஒருவர் வாழ்க்கை போய்விடும். மனிதர்களின் பெயர் நோட்டுப் புத்தகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். திறந்து வைக்க வேண்டியது தேடலை மட்டுமே.

நான்காவதாக, சமூக ஊடகத்தில் பேசுகிறவர்கள் மக்கள் அல்ல என்ற எதிர்ப்பு. இதை நான் முழுவதும் ஏற்கிறேன். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம்தான். நெட்டிசன்கள் கொந்தளிப்பு, இணையவாசிகள் வரவேற்பு என்று ஐந்து பதிவுகளின் ஸ்கிரீன்ஷாட்டை அடுக்கி எழுதும் செய்தியில் பேசுவது யார்? போன் கையில் இருப்பவர், அதிலும் உரக்கக் கத்துகிறவர், அதிலும் கட்சிகளின் ஐடி பிரிவு காசு கொடுத்து டிரெண்டிங் ஆக்கியவர். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணும் துப்புரவுத் தொழிலாளியும் அதில் இல்லை. ஆகவே மக்கள் கருத்து எது என்று அறிய அங்கே போகக் கூடாது. அது வேலைக்கு ஏற்ற கருவி அல்ல. ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்த, ஒரு குறிப்பிட்ட விஷயம் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்கப் போகலாம். கிடைத்த பிறகு போனை வைத்துவிட்டு அவரை நேரில் பார்க்க வேண்டும். அவர் பக்கத்தில் போன் இல்லாமல் இருப்பவரையும் பார்க்க வேண்டும்.

கடைசி எதிர்ப்பு இன்றைய காலத்துக்கானது. செயற்கை நுண்ணறிவு நொடியில் முகத்தையும் குரலையும் செய்து தரும்போது எந்தப் படத்தைக் கேள்வி கேட்டு என்ன பயன்? பயன் முன்பைவிடக் கூடியிருக்கிறது. இனி படத்தை உற்றுப் பார்த்து மட்டும் மெய் எது, பொய் எது என்று சொல்ல முடியாது; ஆகவே படத்துக்கு வெளியே உள்ள கேள்விகள்தான் கை கொடுக்கும். முதலில் பதிவிட்டவர் யார்? அவரோடு பேசினோமா? மூலக் கோப்பு அவரிடம் இருக்கிறதா? அதே நேரத்தில் அதே இடத்தில் இருந்த வேறொருவர் வேறு கோணத்தில் எடுத்திருக்கிறாரா? இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உண்மையான ஆதாரத்தையும் போலி என்று சொல்லித் தப்பிக்க இப்போது வழி அகலமாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன்பே இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. கண்ணும் கையும் கட்டப்பட்டவர்களைச் சீருடை அணிந்தவர்கள் சுட்டுக் கொல்லும் செல்போன் காட்சியை 2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒளிபரப்பியபோது, அது போலி என்றது இலங்கை அரசு. அது சமூக ஊடகம் வழியாக வந்த காட்சி அல்ல. ஆனாலும் அதற்குத் தேவைப்பட்டது இதே விசாரணைதான். ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், ஆயுதம், தடயவியல் மருத்துவம், வீடியோ ஆய்வு என மூன்று துறை வல்லுநர்களிடம் அதைக் கொடுத்தார். அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். சரிபார்ப்பு பொய்யை விலக்குவதற்கு மட்டுமல்ல; மறுக்கப்படும் உண்மைக்குக் கால் கொடுப்பதற்கும்தான்.

கேட்பவருக்கு உள்ள கடன்

கேட்பதென்றால் ஒப்புதலும் கேட்பதே. ஒருவர் தன் பக்கத்தில் பதிவிட்டிருக்கிறார் என்பதற்காக அது ஊருக்கு எழுதிக் கொடுத்த சொத்து ஆகிவிடாது. படம் எடுத்தவரிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர் பெயரைப் போட்டால் அவருக்கு ஆபத்து வருமா என்று முதலில் யோசிக்க வேண்டும். 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் இந்தக் கடன் எல்லாத் தரப்பாலும் மீறப்பட்டது. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அதிகாரிகள் வழியாகவே வெளியே வந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. குழந்தைகளாக இருந்தால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஊடகங்களுக்கே நேரடியாகத் தடை விதிக்கிறது: பெயர், முகவரி, படம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் காட்டும் எதுவும் கூடாது. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலைக் காட்டும் செய்தி இந்தச் சட்டத்தையும் மீறுகிறது, அந்தக் குழந்தையையும் காயப்படுத்துகிறது. பரவிவிட்டதே என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. ஊரெல்லாம் பரப்பும்போது தான் பரப்பாமல் இருப்பவருக்குத்தான் பத்திரிகையாளர் என்ற பெயர் பொருந்தும்.

தவறு நேர்ந்தால் திருத்துவதும் இந்தக் கடனில் சேர்த்தி. தவறான பதிவைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுவது இன்றைய வழக்கமாகிவிட்டது. பதிவு போனாலும் அதைப் படித்தவரின் மனத்திலிருந்து அது போவதில்லை. தவறு எந்த வழியில் போனதோ அந்த வழியிலேயே, அதே எழுத்து அளவில், என்ன தவறு, எது சரி என்று திருத்தமும் போக வேண்டும். தேடலை ஊர் அறியச் செய்யத் துணிந்தவருக்குத் திருத்தத்தையும் ஊர் அறியச் செய்வது கடினமாக இருக்காது.

திருப்பூரின் இரண்டு வீடியோக்களுக்குத் திரும்புவோம். தமிழில் பரவியதை நம்பியவர்களுக்கும் இந்தியில் பரவியதை நம்பியவர்களுக்கும் இடையே ஓர் ஒற்றுமை உண்டு: மறுதரப்பின் மொழி அவர்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் கேள்வி பிறந்திருக்க வேண்டும். அங்கே ஊகம் பிறந்தது. பனியன் கம்பெனிகளின் வாசலில் இரண்டு மொழிக்காரர்களும் தினமும் சேர்ந்துதான் தேநீர் குடிக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே யாரோ எழுதிய இரண்டு வரி புகுந்து பிரிக்காமல் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு பத்திரிகையாளருக்கு இருந்தது, இனியும் இருக்கும். அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ பாட்னாவின் செய்தி அறைக்கு வரும்போது, அங்கே இருப்பவர் திருப்பூர் நிருபர் ஒருவரின் எண்ணைத் தேடட்டும். சென்னைச் செய்தி அறைக்கு வரும்போது, இங்கே இருப்பவர் இந்தி தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு அந்தத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போகட்டும். போய், அந்த வீடியோவைக் காட்டி, அன்று என்ன நடந்தது என்று கேட்கட்டும்.